எந்த வரி என்று கேளுங்கள்

கேள்வி இது: "மூன்று வருடமாகச் சிறுகதை எழுத முயல்கிறேன். அரைப் பக்கம் தாண்டுவதில்லை. எழுதியதைப் படித்ததும் 'இதெல்லாம் ஓர் எழுத்தா, நமக்கு எதற்கு இந்த வேலை' என்று தோன்றி அழித்துவிடுகிறேன். இப்போது எழுதும் கதையில், ஒரு சண்டைக்குப் பிறகு அப்பா வீட்டை விட்டு வெளியே போகிறார். அந்த ஒரு வரியையே பதினொரு தடவை அழித்தாயிற்று. இந்த அவநம்பிக்கையிலிருந்து எப்படி வெளியே வருவது? இன்னொன்று, எழுதுகிறவர்கள் எல்லாரும் 'கூர்ந்து கவனியுங்கள்' என்கிறார்கள். எதைக் கவனிப்பது, எப்படி?"

இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. உங்களுக்குக் கவனிக்கத் தெரியாமல் இல்லை. நன்றாகவே கவனிக்கிறீர்கள், ஆனால் கவனிப்பது உங்களை. ஒரு வரி எழுதியதும் உங்கள் கண் அந்த அப்பாவை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. இதைப் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள், எனக்கு எழுத்து வருமா வராதா என்று அளக்க ஆரம்பிக்கிறது. அதுவரை அந்த மனிதர் வாசற்படியிலேயே நிற்கிறார். அவரைப் பார்க்கத்தான் ஆளில்லை.

நான் இருபது வருடத்துக்கு மேலாக எழுதுகிறேன். எழுத வருகிறவர்களின் கைப்பிரதிகளையும் நிறையப் படித்திருக்கிறேன். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இந்தச் சந்தேகம் போகாது. ஒரு கதை வெளியாகிவிட்டால் போய்விடும் என்று நான் நினைத்தேன். வெளியானது. அப்போது 'ஏதோ தவறிப்போய்ப் போட்டுவிட்டார்கள்' என்று தோன்றியது. முதல் தொகுப்பு வந்தபோது, இனிமேல்தான் குட்டு வெளிப்படப் போகிறது என்று தோன்றியது. எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் நன்றாகச் சாதித்த பெண்கள்கூட, தாங்கள் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒருநாள் பிடிபட்டுவிடுவோம் என்றும் உள்ளுக்குள் நம்பினார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. கையில் பட்டம் இருந்தது, பாராட்டு இருந்தது, ஒன்றும் உதவவில்லை. ஆகவே 'முதலில் நம்பிக்கை வரட்டும், அப்புறம் எழுதலாம்' என்று உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லிக்கொள்ளும் வைத்தியத்தை நானும் செய்து பார்த்தேன். அப்போதும் நான் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகாத ஒன்றை எங்கே உட்கார வைப்பது? இதற்கு நம் மரபில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பழைய காப்பியக்காரர்கள் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் என்று சில பாட்டுகள் வைப்பார்கள். கம்பர் அதில் தன்னை ஒரு பூனை என்கிறார். 'ஓசை பெற்று உயர் பாற்கடல் உற்று ஒரு பூசை முற்றவும் நக்குபு புக்கென' என்று பாடுகிறார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனை. இதைச் சம்பிரதாயப் பணிவு என்று பாடம் நடத்துவார்கள். இருக்கலாம். ஆனால் எழுதுகிறவன் கண்ணோடு பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்தப் பூனை தொடக்கத்தில் ஒரு பாட்டில் வருகிறது. பிறகு 10,000-க்கும் மேற்பட்ட பாடல்களை அவர் பாடுகிறார், பூனையை மறுபடி கூப்பிடுவதில்லை. பயம் இருக்கிறது, அதைச் சொல்லியாயிற்று, அதற்கென்று ஓர் இடம் கொடுத்தாயிற்று. இனி கதை. நீங்களும் நானும் அதே அவையடக்கத்தை ஒவ்வொரு வரிக்கும் நடுவே பாடிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1938-இல் 'The Grapes of Wrath' என்ற தன் பெரிய நாவலை எழுதிய மாதங்களில் பக்கத்திலேயே ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். நாள் தொடங்கும்போது அதில் கொஞ்சம் எழுதிவிட்டுத்தான் நாவலுக்குப் போவார். நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் மற்றவர்களையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுகூட அதில் எழுதியிருக்கிறார். 1939-இல் நாவல் வெளிவந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு, 1962-இல் நோபல். பரிசு வாங்கினார் பார்த்தீர்களா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குறிப்பை எழுதிய அன்றைக்கு அவருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் செய்த வேலைப் பிரிவினையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். புலம்பலுக்கு ஒரு நோட்டு, கதைக்கு இன்னொன்று. நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். எழுத உட்கார்ந்ததும் தனித்தாளில் ஐந்து நிமிடம் வேண்டியமட்டும் திட்டிக்கொள்கிறேன். நான் ஒன்றுக்கும் உதவாதவன், இந்தக் கதை செத்துவிட்டது, இத்தியாதி. தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குகிறேன். அதை யாரும் படிப்பதில்லை, நானும்தான்.

ஆனால் எல்லாச் சந்தேகத்தையும் அப்படி மடித்து வைத்துவிடவும் கூடாது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 'உள்ளே இருக்கும் விமர்சகனைக் கொன்றுவிடு' என்று ஒரு அறிவுரை சுற்றிவருகிறது. அதை நம்பிக் கொன்றவர்களின் கைப்பிரதிகள் எனக்கு வருகின்றன, முன்னூறு பக்கம், நானூறு பக்கம். எழுதியதை அடித்துத் திருத்தத் தெரியாத கையால் எழுதப்பட்டவை. சந்தேகம் என்பது திருத்தும் கண்ணேதான். அது பொதுவாகப் பேசும்போது விஷம், குறிப்பாகப் பேசும்போது மருந்து. இரண்டையும் பிரிக்க எனக்கு உதவும் கேள்வி ஒன்று உண்டு: எந்த வரி?

'இது குப்பை' என்று மனது சொல்லும்போது, சரி, எந்த வரி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதனிடம் பதில் இருக்காது. 'எல்லாமே', 'மொத்தமும்', 'நீயே ஒரு...' என்று இழுக்கும். அதை விட்டுவிடலாம், அதற்குக் கதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சில சமயம் மட்டும் உடனே விரல் வைத்துக் காட்டும். 'மூன்றாவது பத்தியில் அம்மா இப்படிப் பேசமாட்டாள். உனக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது, அதை அவள் வாயில் போட்டுவிட்டாய்.' இதைச் சொல்வதும் அதே குரல்தான், ஆனால் இப்போது அது உங்களைப் பார்க்கவில்லை, கதையைப் பார்க்கிறது. அதற்குக் கட்டாயம் காது கொடுங்கள். பதினொரு தடவை அழித்தீர்களே, அதில் ஒரு தடவையாவது 'இந்தச் சொல் பொய்' என்று அழித்தீர்களா, அல்லது பதினொன்றும் 'நான் மோசம்' என்பதற்காகவா? பின்னதாக இருந்தால் நீங்கள் இன்னும் திருத்தவே தொடங்கவில்லை.

இனி கவனிப்பது. ஒருமுறை மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஒரு பகல் முழுதும் உட்கார வேண்டியிருந்தது. எதிரே ஒரு பெண் அலைபேசியில் யாருக்கோ தாழ்ந்த குரலில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல செய்தி இல்லை என்று தெரிந்தது. எனக்குள் இருந்த எழுத்தாளன் உடனே வேலையைத் தொடங்கினான்: 'அவள் குரலில் சோகம் தளும்பியது.' வீட்டுக்கு வந்து அதைத்தான் எழுதினேன். படித்தபோது பழைய சந்தேகம் வந்தது, உனக்கு எழுத வராது என்று. எந்த வரி என்று கேட்டேன். இந்த வரிதான் என்றது. ஏன் என்றால், நீ அவளைப் பார்க்கவே இல்லை என்றது.

அது உண்மையில்லை, பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது. பேசிக்கொண்டே அவர் தண்ணீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். கிழியாமல் முழுசாக வந்துவிட்டது. பேசி முடித்ததும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி பாட்டிலிலேயே ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இவ்வளவும் என் கண்ணெதிரே நடந்தது. 'சோகம் தளும்பியது' என்று அழகாக எழுதும் அவசரத்தில் நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே பொருந்தும். சிலர் கூடைப்பந்தைக் கைமாற்றிக்கொள்ளும் ஒரு காணொளியைக் காட்டி, ஓர் அணி எத்தனை தடவை பந்தை மாற்றுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் அவர்களுக்கு ஊடே நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கொரில்லா கண்ணில் படவே இல்லை. கண் கெட்டவர்கள் இல்லை, எண்ணிக்கொண்டிருந்தவர்கள். எழுதும்போது நாமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம், நமக்கு நாமே போடும் மதிப்பெண்ணை. கொரில்லா போய்விடுகிறது.

எதைக் கவனிப்பது என்று கேட்டீர்கள். என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: முக்கியமானதை அல்ல. முக்கியமானது எல்லாருக்கும் தெரியும், அதற்குப் பெயரும் இருக்கிறது, துக்கம், பிரிவு, துரோகம் என்று. அதற்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாமல் கிடக்கும் பொருளைப் பாருங்கள். குறுந்தொகையில் கபிலரின் ஐந்து வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது, 25-ஆவது. காதலன் தன்னைக் கூடியபோது அங்கே யாரும் இல்லை, அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் ஒரு பெண். சாட்சிக்கு ஒன்றே ஒன்று இருந்தது: 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' ஒரு குருகு. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் பக்கம் அது திரும்பவில்லை. அப்படியொரு சாட்சி. அவள் பயம் எவ்வளவு பெரியது என்று அந்தப் பாட்டில் எங்கும் இல்லை, ஆனால் அந்தப் பறவையின் கால் என்ன தடிமன், என்ன நிறம் என்று இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் கண் எங்கே போயிற்று என்பதை வைத்தே நமக்கு அவளைத் தெரிந்துவிடுகிறது.

ஒரு சின்ன விலகல். புதிதாக எழுதுகிறவர்களிடம் 'போல' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள் என்று சொல்வேன். உடனே யாராவது கபிலரின் 'அன்ன'வைக் காட்டி மடக்குவார்கள். நியாயம்தான். ஆனால் அந்த உவமை ஓர் அளவுகோல், அந்தக் கால் தினைத்தாள் அளவுக்கு மெலிசு. நாம் எழுதும் 'போல' பெரும்பாலும் பார்ப்பதை நிறுத்திவிட்டு அலங்காரத்துக்குத் தாவும் இடம். பார்த்து முடித்த பிறகும் ஒரு உவமை மிஞ்சி நின்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதியே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். பட்டியலை விடுங்கள், அந்தச் சொல்லைப் பாருங்கள். மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தென்படுவது மெய்ப்பாடு. சிறுகதைக்கு இதைவிட உபயோகமான ஒரு கலைச்சொல் எனக்குத் தெரியாது. கோபம் என்று எழுதத் தோன்றும் போதெல்லாம், உடம்பில் எங்கே என்று கேட்டால் போதும். சிலருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும், 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'நீங்க' என்பார். சிலர் மேஜையை ஒழுங்குபடுத்துவார்கள். ஒருவர் கடிகாரத்தைக் கழற்றி வைப்பார், இன்னும் நிறைய நேரம் ஆகும் என்பதுபோல. (பாருங்கள், நானே 'போல' போட்டுவிட்டேன்.)

பயிற்சி என்று கேட்டால் ஒன்றுதான் சொல்வேன், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு விஷயம், நாலு வரி. உணர்ச்சிப் பெயர் கூடாது, கருத்து கூடாது, கண்டதும் கேட்டதும் மட்டும். அன்றைக்கே எழுதிவிட வேண்டும், இது முக்கியம். ஓர் இரவு தூங்கி எழுந்தால் ஞாபகம் தன் பாட்டுக்குச் சுருக்க ஆரம்பித்துவிடும். உரித்த தாள் போய் 'சோகமாக இருந்தாள்' என்பது மட்டும் மிஞ்சும். அலைபேசியில் எழுதினாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. புகைப்படம் எடுப்பதை மட்டும் தவிர்க்கலாம், எடுத்துவிட்டால் பார்த்துவிட்டதாக மனசு நிம்மதியாகிவிடுகிறது. இந்த நாலு வரிகளில் சந்தேகத்துக்கு அதிக வேலை இல்லை என்பதையும் கவனிப்பீர்கள். 'அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்' என்பதில் திறமை எங்கே இருக்கிறது, இல்லாமல் போக? நடந்தது, எழுதினீர்கள். மூன்று மூன்றரை மாதம் இப்படிப் போனால் உங்களிடம் ஒரு நூறு பொருள்கள் சேர்ந்திருக்கும். சரக்கு இல்லை என்ற புலம்பலுக்குப் பிறகு இடமிருக்காது.

காதையும் விட்டுவிடாதீர்கள். கேட்ட கேள்விக்கு மனிதர்கள் நேராகப் பதில் சொல்வது அபூர்வம். 'ஏன் லேட்?' என்றால் 'நீ சாப்பிட்டியா?' என்பார்கள். அந்த இடைவெளியில்தான் கதை ஒளிந்திருக்கிறது. நம் வரைவுகளில் எல்லாரும் ஒழுங்காகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நேர்முகத் தேர்வு மாதிரி.

அழிப்பதைப் பற்றி. தயவுசெய்து எழுதுகிற அன்றைக்கு அழிக்காதீர்கள். எழுதுவதும் தீர்ப்புச் சொல்வதும் ஒரே நாளில் வேண்டாம். நான் முதல் வரைவை மூன்று வாரம் திறப்பதில்லை. திறக்கும்போது யாரோ எழுதியது மாதிரி இருக்கும், அதனால் தைரியமாக வெட்டவும் முடியும், நல்ல வரி ஒன்று இருந்தால் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளவும் முடியும். என் கதைகளில் இரண்டு, நான் எரிச்சலில் மூடிவைத்த கோப்புகளிலிருந்து வந்தவை. அன்றே அழித்திருந்தால் போயிருக்கும்.

யாரிடமாவது காட்டும்போது 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். அது கதையைப் பற்றிய கேள்வி இல்லை, உங்களைப் பற்றியது. நண்பர்கள் அதைப் புரிந்துகொண்டு நன்றாக இருக்கிறது என்பார்கள், நீங்களும் நம்பமாட்டீர்கள். 'எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது?' என்று கேளுங்கள். பதில் எப்போதும் ஒரு வரியாக வரும், வந்தால் கையில் வேலை இருக்கும். ஒப்பிடுவது பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்தவரின் ஒன்பதாவது திருத்தத்தோடு உங்கள் முதல் வரைவை நிறுத்துப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த அவநம்பிக்கை எழுத்தோடு நிற்காமல் தூக்கம், சாப்பாடு, வேலை, மனிதர்கள் என்று எல்லா இடத்துக்கும் பரவியிருந்தால் நான் சொன்ன எதுவும் அதற்குப் பதில் அல்ல. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை. கதை காத்திருக்கும்.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். அந்த வரி என்ன என்று நீங்கள் எழுதவில்லை, 'கோபத்துடன் வெளியேறினார்' என்ற மாதிரி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைப் பன்னிரண்டாவது தடவை அழகாக்க முயல வேண்டாம். உட்கார்ந்து பாருங்கள். சண்டை எந்த அறையில் நடந்தது, அங்கிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு? போகிற வழியில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பழக்கத்தில் அணைத்தாரா? சாவியை எடுத்துக்கொண்டாரா? எடுத்துக்கொண்டால் திரும்பி வரப்போகிறார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும், அவருக்கும் தெரியும், அந்தக் கை சாவியிடம் போகும்போது கொஞ்சம் கூச்சப்படும். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனால் யார் முதலில் அதைப் பார்ப்பார்கள், பார்த்தவர் கூப்பிடுவாரா? இவற்றில் எதற்குப் பதில் தெரியும், எதற்குத் தெரியாது என்று உங்களுக்கே தெரியவரும். கதவைச் சாத்தினாரா, திறந்தே விட்டுவிட்டுப் போனாரா என்பதை மட்டும் இன்றைக்கு எழுதுங்கள். சாத்தினார் என்றால், எந்தப் பக்கம் நின்றுகொண்டு நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்பதையும்.